நாற்பதுக்கு மேல் தந்தை

கதவில் ஒட்டியிருந்த தாளில் பசை இன்னும் காயவில்லை. சண்முகக்கனி பால் பாக்கெட்டை எடுக்கத்தான் கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர், பக்கத்து வாசலில் ஒருத்தி. மூன்று பேரும் ஏற்கெனவே கிட்டே வந்து படித்துவிட்டுப் போய், இவள் படிக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கக் காத்திருந்தார்கள்.

தந்தை அறிவிப்புச் சட்டத்தின்படி, கோவில்பட்டி உரக்கடை உரிமையாளர் அருணகிரி அவர்களுக்குத் தெரிவிப்பது என்று அது ஆரம்பித்தது. மணமாகாத பெண் இசைவாணி, வயது இருபத்திரண்டு, பெற்றுத் தத்துக்கு ஒப்படைத்த ஆண் குழந்தைக்குத் தாங்களே உயிரியல் தந்தை என மரபணுப் பதிவேட்டின் மூலம் தெரியவந்துள்ளது. பொருத்தம் நாற்பத்தொரு விழுக்காடு. முப்பது நாட்களுக்குள் தாங்கள் குழந்தையைக் கோரலாம், அல்லது தத்துக்குச் சம்மதிக்கலாம். கைபேசியில் வந்த அறிவிப்பை இருபது நாட்களாகத் திறக்காததால் இது தங்கள் கதவில் ஒட்டப்படுகிறது.

அருணகிரி அவள் புருஷன். இசைவாணி அவள் அண்ணன் மகள். அதோடு நின்றாலாவது பரவாயில்லை. அருணகிரியின் கூடப்பிறந்த தங்கை பெற்ற மகளும் அதே இசைவாணிதான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு அது. கனியின் அண்ணன் அருணகிரியின் தங்கையைக் கட்ட, அருணகிரி கனியைக் கட்ட, ஒரே பந்தலில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணமும் முடிந்தது. பந்தல் செலவு மிச்சம் என்று பெரியவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். போதாக்குறைக்கு அருணகிரி அவளுக்கு ஏற்கெனவே மாமன் மகன்.

உள்ளே அருணகிரி கன்னத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தார்.

"வெளியே வந்து உங்க லட்சணத்தை வாசிங்க. தெருவே வாசிச்சு முடிச்சாச்சு."

அவர் போனார், வாசித்தார், தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாதித் தாள் கதவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"சத்தியமா இல்ல கனி. அவ எனக்கு மக மாதிரி. தூக்கி வளர்த்த பிள்ளை."

"இருபது நாளா ஃபோன்ல வந்ததை ஏன் திறக்கல?"

"லோன் வேணுமா லோன் வேணுமான்னு தினம் பத்து வருது. அதுல ஒண்ணுன்னு நெனச்சேன்."

"மெஷினுக்கு உங்க மேல என்ன பகையா?"

கையிலிருந்த பால் பாக்கெட்டை அவர் மேலேயே எறிந்தாள். இருபத்தேழு வருஷத்தில் அவள் எறிந்த முதல் பொருள் அது. பால் அவர் பனியனில் வழிந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முழியைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருட்டு முழி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அது இல்லை.

தெரிந்ததும் கோபம் குறையவில்லை. வேறு பக்கம் திரும்பியது, அவள் பக்கமே திரும்பியது. ஏனென்றால் ஆறு மாதமாக அவள் மென்று விழுங்கிக்கொண்டிருந்த சங்கதி ஒன்று இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் இசைவாணி இந்த வீட்டுக்கு வந்தாள். மதுரையில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிற பெண். துப்பட்டாவை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "அத்தை, திலீபன் ஃபோனை எடுக்க மாட்டேங்குறான். கட்டிக்கிறேன்னு சொன்னான். நீங்கதான் கேக்கணும்" என்றாள். திலீபன் கனியின் ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன். முறைப்படி அவளைக் கட்ட வேண்டியவனும்கூட. ஆனால் சொந்தத்துக்குள் கட்டியது போதும் என்று அருணகிரி மதுரையில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வீட்டில் பேசி முடித்து, தட்டு மாற்றி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கனி என்ன சொன்னாள்? "எவன்கிட்ட போயிட்டு வந்து என் பிள்ளை தலையில கட்டப் பார்க்கிற" என்றாள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இசைவாணியின் அப்பா, கனியின் சொந்த அண்ணன், மகளைத் தலைமுழுகிவிட்டதாக அடுத்த வாரம் செய்தி வந்தது. நல்லதாப் போச்சு என்று நினைத்தவளும் இதே கனிதான்.

சிங்கப்பூருக்கு ஃபோன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"தம்பி, இசைவாணி பிள்ளை பெத்திருக்கா. உங்க அப்பா பேருக்கு நோட்டீஸ் வந்திருக்கு. உனக்கு ஏதாவது தெரியுமா?"

எதிர்முனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா? அவசரப்பட்டு அவர்கிட்ட எதையும் சொல்லிராதீங்க" என்றான் திலீபன்.

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அருணகிரி ஃபோனைப் பிடுங்கி, வாயில் வந்த கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் திட்டினார். மத்தியானம் வரை திட்டினார். கடைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை, வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சாயந்திரம் ஆனபோது நடை நின்றது, முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வியாபாரத்தில் விலை படிந்துவிட்டால் வருமே, அந்தத் தெளிவு.

"போட்டுட்டேன்" என்றார்.

"என்னத்தை?"

"பதில். நான்தான் தகப்பன், பிள்ளை எனக்கு வேணும்னு. நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போகச் சொல்லியிருக்கான்."

கனிக்கு முதலில் புரியவில்லை. அவர் விரலை மடக்கி விளக்கினார். இல்லை என்று மறுத்தால் மெஷின் அடுத்த ஆளைத் தேடும். அடுத்த ஆள் திலீபன். இவரைப் போல அவன் எந்த ஆஸ்பத்திரியிலும் ரத்தம் கொடுத்ததில்லை, அதனால் பதிவேட்டில் இல்லை, ஆனால் ஆளையே தேடிப் போனால் மாட்டிக்கொள்வான். கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் தேடல் நின்றுவிடும். பிள்ளையும் வெளியே போகாது.

"ஆம்பளைப் பிள்ளை கனி. நம்ம ரத்தம். எவனோ ஊர்பேர் தெரியாதவன் வீட்டுல வளரணுமா? நீ வளர்த்துரு. பேரனை வளர்க்கக் கசக்குதா?"

"ஊரு என்ன சொல்லும்? தங்கச்சி மகளைக் கெடுத்தவன்னு சொல்லுமே."

"நாலு நாளு பேசுவான். ஆம்பளைக்கு அது ஒட்டாது."

"எனக்கு?"

அவர் இதை யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இசைவாணிக்கு?" என்றாள்.

"அவதான் வேண்டாம்னு கொடுத்துட்டாளே. அவளுக்கு என்ன?"

கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தியை ஏமாற்றியவனுக்கு மருந்துக் கம்பெனி மாப்பிள்ளைப் பட்டம். அவனைப் பெற்றவருக்குப் பேரன். பத்து மாதம் சுமந்தவளுக்கு, காலம் பூராவும் சொந்த மாமன் பேர் நெற்றியில். இதற்குச் சட்டமும் மெஷினும் பசை வாளியோடு ஓர் ஆளும். பேசினால் கை நீண்டுவிடும் என்று பயந்து அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் எட்டரை மணிக்கே தூத்துக்குடியில் தந்தை அறிவிப்புப் பிரிவின் வாசலில் நின்றாள். அண்ணனைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். ஒன்பதுக்கு ஒரு பெண் வந்து பூட்டைத் திறந்தாள். மேசைப் பலகையில் ரெஜினா, விசாரணை அலுவலர் என்று இருந்தது. கனி நடந்ததை நடந்தபடி சொன்னாள், தன் பிள்ளை செய்ததையும் தான் செய்ததையும் சேர்த்து.

ரெஜினா கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்துக் கோடுகள் போட்டாள்.

"அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி பொருந்தும்மா. தாத்தான்னா கால் பங்குதான். நடுவுல அவ்வளவு இடைவெளி இருக்குன்னு நாற்பதுல கோடு போட்டுட்டாங்க. நாற்பதுக்கு மேல வந்தா தந்தை. மெஷின் செஞ்ச நாட்டுல சொந்தத்துல கட்டிக்கிற பழக்கம் கிடையாது."

"எங்க வீட்டுல?"

"உங்க வீட்டுக்காரர் உங்க மகன் வழியில அந்தக் குழந்தைக்குத் தாத்தா, அது கால் பங்கு. தங்கச்சி மக வழியிலயும் சொந்தம், அது ஒரு அரைக்கால். நீங்க ரெண்டு பேரும் வேற அத்தை மக, மாமன் மகன். எல்லாத்தையும் கூட்டினா கோட்டைத் தாண்டிருச்சு. இந்த மாவட்டத்துல இது எனக்கு ஒன்பதாவது கேஸ்."

"ஒன்பதா? மேல சொல்லலையா?"

"ஒன்பது தடவையும் எழுதினேன். பரிசீலனையில இருக்குன்னு ஒன்பது தடவையும் பதில் வந்தது."

"சரி, இசைவாணி எதுவும் எழுதிக் கொடுக்கலையா?"

ரெஜினா கோப்பைத் திருப்பிக் காட்டினாள். தந்தையின் பெயர் என்ற இடத்தில் குண்டு குண்டான கையெழுத்தில் திலீபன் என்று இருந்தது. அவன் அப்பா பெயர், ஊர், சிங்கப்பூர் முகவரி, எல்லாம் இருந்தது. அதன் மேல் கோணலாக ஒரு முத்திரை: தாயின் கூற்று, சாட்சியமாகாது.

"தாய் பொய் சொல்லலாம்னு சட்டம் நினைக்குதும்மா."

"யாரு இந்தச் சட்டத்தைப் போட்டது?"

"நல்ல எண்ணத்துலதான் போட்டாங்க. ஒருத்தருக்குச் சொல்லாமலேயே அவர் குழந்தையைத் தத்து கொடுத்துட்டாங்க. ஏழு வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சார் பாவம். நிஜமாவே நல்ல மனுஷன். அவரை மாதிரி ஆளுங்களுக்காக வந்ததுதான் இது."

"நல்லவனுக்குக் கட்டின வீட்டுல யாரு குடியேறுறா பார்த்தீங்களா" என்றாள் கனி. குரல் உயர்ந்துவிட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

அவள் வந்த காரியம் வேறு. இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "என் எச்சிலை எடுத்துப் பாருங்க. பிள்ளை என் புருஷனுக்குப் பிறந்ததுன்னா எனக்கும் அதுக்கும் கொஞ்சம்தான் பொருந்தும். என் மகனுக்குப் பிறந்ததுன்னா நான் பாட்டி. நிறையப் பொருந்தும்ல? அதை வச்சு அவர் கோரிக்கையை நிறுத்துங்க."

ரெஜினா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரியாத்தான் சொல்றீங்க. ஆனா பாட்டிக்குன்னு தனியா வழி கிடையாது. தந்தை உரிமை கோருபவர்னு போட்டாத்தான் மெஷின் மாதிரியை வாங்கும்."

"எதை வேணும்னாலும் போடுங்க."

பஞ்சுக் குச்சி கன்னத்தின் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இருபது நிமிஷம் ஆகும் என்றாள் ரெஜினா. பதினைந்தாவது நிமிஷத்திலேயே மெஷின் தாளைத் துப்பியது. எடுத்துப் படித்தவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நாற்பத்தி மூணு."

"அப்படின்னா?"

"நீங்க மகன் வழியில பாட்டி, அண்ணன் மக வழியிலயும் ரத்த சொந்தம். உங்க வீட்டுக்காரர் கணக்கு அப்படியே உங்களுக்கும் பொருந்துது. இதை நான் யோசிக்காமப் போயிட்டேன்." தாளை அவள் பக்கம் திருப்பினாள். "வாசிங்க."

கோரிக்கையாளர் சண்முகக்கனி. உயிரியல் தந்தை: உறுதி செய்யப்பட்டது. முந்தைய கோரிக்கையாளர் அருணகிரியை விடப் பொருத்தம் அதிகம் என்பதால் அவரது கோரிக்கை தள்ளுபடி செய்யப்படுகிறது.

கனி இரண்டு தடவை வாசித்தாள். "நான் பொம்பளைன்னு இதுக்குத் தெரியாதா?"

"அந்தக் கேள்வியே அதுல இல்லம்மா. தந்தைன்னு சொல்லிக்கிட்டு ஒரு பெண் வந்து நிப்பாங்கன்னு யாரும் நினைக்கல."

கனிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. பெற்றவள் பேர், ஊர், முகவரியோடு எழுதிக் கொடுத்தது செல்லாது. இவள் கன்னத்து எச்சில் செல்லும். இப்படி ஒரு கூத்தை நம்பி ஒரு பச்சைப் பிள்ளையின் தலையெழுத்தை எழுதுகிறார்களே என்று நினைத்தபோது மேசையைக் குத்தலாம்போல இருந்தது.

"மேல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா?"

"பத்தாவது தடவை எழுதுவேன். பரிசீலனை பண்ணட்டும். அதுவரைக்கும் மெஷின் முடிவுதான் முடிவு, சட்டத்துல அப்படித்தான் இருக்கு." ரெஜினா குரலைத் தாழ்த்தினாள். "இப்போ நீங்கதான் சொல்லணும். குழந்தையைக் கோரலாம். இன்னைக்கே கொண்டு போகலாம். இல்ல, தத்துக்குச் சம்மதிக்கலாம். சம்மதிச்சா அதுக்கப்புறம் யாராலும் மாத்த முடியாது."

அந்த ஒரு நொடியில் கனி தடுமாறியது நிஜம். பேரன். அருணகிரி சொன்னபோது அருவருப்பாக இருந்த வார்த்தை, இப்போது தன் கைக்கு வந்ததும் இனித்தது. நான் அவரைப் போல இல்லையே, நன்றாக வளர்ப்பேனே என்று மனசு சப்பைக்கட்டுக் கட்டியது. கட்டி முடிப்பதற்குள் வெளியே வந்து மதுரைக்கு ஃபோன் போட்டாள்.

"அத்தை பேசுறேன்."

"சொல்லுங்க" என்றாள் இசைவாணி. அத்தை என்று சொல்லவில்லை.

கனி சொன்னாள். சுற்றி வளைக்காமல், மாமா போட்ட திட்டத்தையும் மெஷின் அடித்த தாளையும் சொன்னாள். "நீ என்ன சொல்றியோ அதைப் போடுறேன்."

"இதை நான் அங்க வந்து நின்னப்போ கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும். கேக்கல. நான் செஞ்சது பாவம்தான் தாயி."

எதிர்முனையில் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது. அது ஓய்ந்ததும் இசைவாணி சொன்னாள்.

"அவனுக்கு வேற ஊரு வேணும், வேற அப்பா அம்மா வேணும். அவனைப் பார்த்து யாரும் கணக்குப் போடக்கூடாது. உங்க வீட்டு ஆளுங்க ஒருத்தரும் அவன் பக்கத்துல வரக்கூடாது. நீங்களும்தான்."

"நானுமா?"

"நீங்களும்தான்."

"சரி" என்றாள் கனி. "தகப்பன்னா ஒரு தடவை பார்த்துக்கலாமாம். கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரலாமாம். நீ வாரியா? நான் காத்திருக்கேன்."

"வேண்டாம். பார்த்தேன்னா கையெழுத்துப் போட விடமாட்டேன்." மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள், "நீங்க வேணும்னா பாருங்க. யார் சாடைன்னு மட்டும் என்கிட்ட எப்பவும் சொல்லாதீங்க."

பின்கட்டில் குழந்தைகள் அறை. ஆயா ஒருத்தி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். இரண்டு மாதத்துப் பிள்ளை, பால் குடித்த மயக்கத்தில் கண் சொருகிக் கிடந்தது. கனி முகத்தைப் பார்த்தாள். யார் சாடை என்று ஒரு பார்வையிலேயே தெரிந்தது. தெரிந்ததை வாயைத் திறந்து ஆயாவிடம்கூடச் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் என்று விதி. மூன்றாவது நிமிஷத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள், அதற்கு மேல் வைத்திருந்தால் இசைவாணிக்குக் கொடுத்த வாக்கு நிற்காது.

சம்மதப் படிவத்தில் தந்தையின் கையொப்பம் என்ற இடத்தில் சண்முகக்கனி என்று எழுதினாள். ரெஜினா முத்திரையைக் குத்தி, மெஷினுக்குள் தாளைச் செருகினாள். அது ஒரு தடவை முனகிவிட்டு ஏற்றுக்கொண்டது.

பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அருணகிரி வந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் புதுக் கொசுவலைத் தொட்டில். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும் நின்றார்.

"நீ எங்க இங்க?"

கனி மேசையைக் கைகாட்டினாள். அவர் மேசைக்குப் போய்ப் பேரைச் சொன்னார்.

"உங்க கோரிக்கை தள்ளுபடி ஆயிருச்சு சார்" என்றாள் ரெஜினா. "குழந்தையோட தந்தை வந்து தத்துக்குச் சம்மதம் கொடுத்துட்டாங்க."

"தந்தையா? என்னம்மா சொல்லுத? உங்க மெஷின்தான என் பேரைச் சொல்லுச்சு?"

"உங்களை விட அவங்களுக்குப் பொருத்தம் அதிகம்."

அருணகிரியின் முகம் சிவந்தது. தொட்டிலை மேசைமேல் போட்டார். "எவன் அவன்? எங்க வீட்டுப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட எவனுக்குத் தைரியம் வந்துச்சு? அவன் பேரைச் சொல்லு."

ரெஜினா பெஞ்சைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

கனி எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள். "வாங்க, காரை எடுங்க. மதுரைக்குப் போகணும். கல்யாணத்துக்கு முன்னாடி அந்த மருந்துக் கம்பெனிக்காரர் மகளுக்கும் ஒருத்தர் அறிவிக்கணும்ல."

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.